பாத்துச் சொல்லுங்க

ரெஜிலா அந்தச் செய்தியை அனுப்பியபோது மணி எட்டு இருபத்தாறு. அடுப்பில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. ஈரத்தலையில் துண்டு சுற்றியிருந்தாள். ஒன்பது மணிக்கு மார்த்தாண்டத்தில் அவள் வேலை பார்க்கும் லேபைத் திறந்தாக வேண்டும். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வந்தவர்கள் வாசலில் நின்றுகொண்டிருப்பார்கள். மகள் பிரீனாவைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு உள்ளே வந்தவள், ஐடி கார்டு மாட்டும் ஆணி வெறுமையாக இருப்பதைப் பார்த்தாள். பிள்ளை போட்டுக்கொண்டு போயிருக்கலாம். கட்டிலுக்கு அடியில் எறிந்திருக்கவும் கூடும். முந்தின வாரம்தான் கார்டு இல்லையென்று டைரியில் சிவப்பு மையில் எழுதி அனுப்பியிருந்தார்கள்.

ஃபோனை எடுத்தாள். "பிந்துக்கா, பிரீனா ஐடி கார்டு போட்டிருக்காளா? ஒண்ணு பாத்துச் சொல்லுங்க."

அனுப்பிவிட்டு தோசையை ஊற்றினாள்.

பிந்து அந்த வேனை ஓட்டத் தொடங்கி நான்கு வருஷமாகியிருந்தது. மேல்புறத்திலிருந்து குழித்துறைப் பாலம் வழியாக மார்த்தாண்டம் வரை ஒன்பது பிள்ளைகள், ஒன்பதும் பெண்பிள்ளைகள். ஓட்டுவது பெண் என்பதால்தான் அம்மாமார் அவளைத் தேடிப் பிடித்தார்கள். கணவன் ஸ்டெனி ரப்பர் பால் வெட்டப் போகிறவன். மழைக்காலம் முழுக்க வீடு வேனை நம்பித்தான் ஓடியது. பிந்து அதிர்ந்து பேசமாட்டாள், பிரேக்கைச் சட்டென்று மிதிக்கமாட்டாள். "எங்க வந்தாச்சு?" என்று கேட்டால் உடனே பதில் போட்டுவிடுவாள். மற்ற எல்லாவற்றையும்விட அம்மாமாருக்குப் பிடித்தது இதுதான். "பம்மம்." "பாலம்." "எறக்கியாச்சு." ஒற்றைச் சொல்லில் பதில் வரும். அதைப் பார்த்தபிறகுதான் அவரவர் அன்றைய வேலையில் மனசை வைப்பார்கள்.

வேனில் பெரிய தொடுதிரை ஒன்று வைக்கலாம் என்று ஜூன் மாதம் சொன்னவளே ரெஜிலாதான். ஃபோனைக் கையில் எடுத்து எடுத்துப் பார்ப்பது ஆபத்து என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. திரை வந்தால் வண்டியைப் பின்னோக்கி எடுக்கும்போது பிள்ளைகள் நிற்பது தெரியும், செய்தி வந்தால் கண்ணுக்கு நேரே தெரியும், கையை எடுக்க வேண்டியதில்லை. எல்லோரும் சரியென்றார்கள். வந்த செய்தியை வாசித்துக் காட்டும் வசதியும் அதில் இருந்தது. ஆனால் ஆங்கில எழுத்தில் அடித்த தமிழை அது வெள்ளைக்காரி பிரசங்கம் செய்வதுபோல வாசித்தது. பிள்ளைகள் ஒவ்வொரு செய்திக்கும் உருண்டு சிரித்து, இன்னொரு முறை இன்னொரு முறை என்று கத்தினார்கள். இரண்டாம் நாளே பிந்து அந்தச் சத்தத்தை நிறுத்திவிட்டாள். அதன்பிறகு செய்தி வந்தால் அனுப்பியவரின் படமும் எழுத்தும் மட்டும் திரையில் வந்து நிற்கும். பிள்ளைகள் அதை டிவி என்றார்கள்.

எட்டு நாற்பதுக்கு அஞ்சலி கூப்பிட்டாள். அவள் மகளும் அதே வேன்தான்.

"ரெஜிலா, வேன் ஒரு ஆளை இடிச்சிட்டாம். பாலம் தாண்டி, வளைவுல. பிள்ளைகளுக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லுதாவ. நீ வா."

அடுப்பை அணைத்தாளா என்பது அவளுக்கு நினைவில்லை. ஈரத்தலையோடு ஸ்கூட்டரை எடுத்தாள்.

வளைவில் கூட்டம் நின்றது. வேனின் இடது பக்கக் கண்ணாடி ஒடிந்து தொங்கியது. ரோட்டில் ஒரு அலுமினியச் சருவம் கவிழ்ந்து கிடக்க, சுற்றிலும் சாளை மீன் சிதறிக் கிடந்தது. யாரோ அதை ஓரத்துக்குக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அடிபட்ட மீன்காரியை அதற்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். இனயத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து வீடுவீடாக மீன் விற்கிற வேளாங்கண்ணி என்று கூட்டத்தில் சொன்னார்கள். பிள்ளைகள் ஒரு பேக்கரி வாசலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்திக்கு உதட்டில் கீறல். மற்றவர்களுக்கு பயம் மட்டும்தான். பிந்து வேன் கதவைப் பிடித்தபடி நின்றாள். ரெஜிலாவைப் பார்த்தாள்.

பிரீனாவை ஸ்கூட்டரின் முன்னால் நிறுத்திக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள். பாலத்தின் நடுவில் வரும்போது பிள்ளை சொன்னாள்:

"அம்மா, டிவில உனக்க படம் வந்துச்சு."

"எப்ப மக்களே?"

"இடிக்கதுக்கு முன்ன. பிந்து ஆன்ட்டி அதைப் பாத்துட்டு, பொறவு திரும்பி எங்கிட்ட, மக்களே கார்டு போட்டிருக்கியான்னு கேட்டாவ. நான் சட்டைக்குள்ள இருந்து எடுத்துக் காட்டினேன். அப்பத்தான் டமார்னு கேட்டுது."

கார்டு பிள்ளையின் கழுத்தில்தான் கிடந்தது. இப்போதும் கிடந்தது. காற்றில் நாடா புரண்டு ரெஜிலாவின் கையில் அடித்துக்கொண்டே வந்தது.

அன்று லேபுக்குப் போகவில்லை. மதியம் பிள்ளை தூங்கியபிறகு ஃபோனைத் திறந்தாள். பிந்துவுக்கு அனுப்பிய செய்தி அப்படியே இருந்தது. ஓரத்தில் எட்டு இருபத்தாறு. அதை விரலால் அழுத்திப் பிடித்தாள். எல்லோருக்கும் நீக்கவா என்று கேட்டது. ஆமென்றாள். இவ்வளவு எளிதாக முடிந்துவிட்டதே என்று ஒரு கணம் நெஞ்சு லேசானது. பிறகுதான் பார்த்தாள். செய்தி இருந்த இடத்தில் "இந்தச் செய்தியை நீக்கிவிட்டீர்கள்" என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி உட்கார்ந்திருந்தது. நேரம் அப்படியே இருந்தது.

சாயங்காலத்துக்குள், பிந்துவும் இருந்த அம்மாமாரின் ஃபோன் குழு கொதித்தது. பிந்து திரையைப் பார்த்துக்கொண்டு ஓட்டினாள் என்று ஒரு பிள்ளை வீட்டில் சொல்லியிருந்தாள். "பிள்ளைகளுக்க உயிரோட விளையாடுகா." "இவளுக்கு லைசன்ஸ் குடுத்தது யாரு?" "நாளையிலிருந்து வேற வண்டி பாக்கணும்." ரெஜிலா எல்லாவற்றையும் வாசித்தாள். தானும் ஏதாவது போடாவிட்டால் சந்தேகப்படுவார்களோ என்று, கும்பிட்ட கைப் படம் ஒன்றைப் போட்டாள்.

கணவன் ஷாஜன் மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் சரக்கு வண்டி ஓட்டுகிறான். அவனிடம் மட்டும் உள்ளதைச் சொன்னாள்.

"ரெஜி, நீ வாயத் தொறக்காண்டாம்," என்றான். "ஸ்டீரிங் யாருக்க கையில இருந்துது? நீ கேட்டா, நிறுத்தின பொறவு பாத்துச் சொல்லணும். அது அவளுக்க பொறுப்பு. நீ போய்த் தலையக் குடுத்தா, நாளைக்கு கோர்ட்டு கேசுன்னு நீதான் அலையணும்."

அவன் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை. ஆனால் பேச்சுக்கு நடுவே டிக் டிக் டிக்கென்று ஒரு சத்தம் கேட்டது. வண்டி திரும்பும்போது இண்டிகேட்டர் போடுகிற சத்தம். நான்கு வருஷமாக ஒவ்வொரு ஃபோனிலும் அந்தச் சத்தத்தை அவள் கேட்டிருக்கிறாள். அவன் பக்கத்திலேயே இருப்பதுபோல அது அவளுக்கு ஒரு துணையாகக்கூட இருந்திருக்கிறது.

"நீங்க இப்ப வண்டி ஓட்டுறீங்களா?"

"ஹெட்செட் போட்டிருக்கேன், சொல்லு."

"வச்சிடுங்க. ரூமுக்குப் போய்க் கூப்பிடுங்க."

"ஏட்டி, ஒண்ணும் இல்ல…"

அவளே வைத்துவிட்டாள். அவன் அறைக்குப் போய்த் திரும்பக் கூப்பிடும்வரை, முக்கால் மணி நேரம், அடுக்களையில் நின்றபடியே இருந்தாள்.

நான்காம் நாள் ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஏன் போகிறோம் என்று தனக்கே தெளிவில்லை. ஒரு பை ஆரஞ்சு வாங்கிக்கொண்டாள். பெண்கள் வார்டில் வேளாங்கண்ணியைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஐம்பத்தைந்து வயதிருக்கும், வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் ஒடிந்து, கம்பி போட்டிருந்தார்கள். பக்கத்தில் மகள் லிஜா ஃப்ளாஸ்கிலிருந்து கட்டன் சாயா ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஆரு மக்கா?"

"அந்த வேன்ல போன பிள்ளைக்க அம்மா."

"பிள்ளைகளுக்கு ஒண்ணும் இல்லல்லா? மாதாவே." வேளாங்கண்ணி தலையணையில் சற்று நிமிர்ந்தாள். "நான் சொல்லட்டா மக்கா. முப்பது வருசமா நான் தலையில சருவத்தோட ரோடு தாண்டுகேன். ஹாரனும் பாக்கமாட்டேன், லைட்டும் பாக்கமாட்டேன். வண்டி ஓட்டுகவங்களுக்க மொகத்தப் பாப்பேன். அவன் என்னெப் பாத்தா நான் நடப்பேன். பாக்கல்லன்னா நிப்பேன். அம்புட்டுதான். அண்ணைக்கும் பாத்தேன். அந்தப் பொண்ணு என்னெப் பாத்தா. நல்லாப் பாத்தா. நான் காலை எடுத்து வச்சேன். நடு ரோட்டுல வந்து திரும்பவும் பாக்குகேன், மொகத்தக் காணும். கொண்டையும் கிளிப்பும்தான் தெரியுது. பின்னால திரும்பிப் பிள்ளையளப் பாக்குகா."

லிஜா சாயாவை நீட்டினாள். "இப்ப எல்லாருக்க மொகமும் அப்பிடித்தாம் அம்மா. தாடையில ஃபோன் வெளிச்சம் அடிக்கும், கண்ணு கீழ இருக்கும்."

ரெஜிலா சாயாவை வாங்கிக் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மெசேஜைப் பற்றி எப்படித் தொடங்குவது என்று தேடினாள். நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றாள். அதைச் சாக்காக வைத்துக்கொண்டு எழுந்தாள். வெளியே வந்து ஸ்கூட்டரை எடுத்தவள், வீட்டுக்குப் போகாமல் பம்மத்தில் திரும்பி பிந்து வீட்டு வாசலில் நிறுத்தினாள்.

பிந்து முற்றத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"வருவன்னு நினைச்சேன். ஆனா நாலு நாளு ஆகும்னு நினைக்கல்ல," என்றாள்.

"பிந்துக்கா, நான் அந்த மெசேஜ்…"

"தெரியும். ஸ்டேஷன்ல எஸ்.ஐ. என் ஃபோனைப் பாத்தாரு. எட்டு இருபத்தாறுக்கு ஒண்ணு அழிச்சு கிடக்கு, என்னதுன்னு கேட்டாரு. அனுப்புனவங்ககிட்டக் கேளுங்கன்னு சொல்லிட்டு வந்தேன். இதுவரைக்கும் கேக்க வரல்ல, இல்லியா?"

ரெஜிலா இல்லையென்று தலையாட்டினாள்.

பிந்து கையிலிருந்த துணியைப் பிழிந்து வாளியில் போட்டாள். "கேட்டதுக்கு எனக்கு உம்மேல கோவம் இல்ல கேட்டியா. நானும் அம்மதான். திரும்பினது நான். நீ வந்து எனக்க கழுத்தப் பிடிச்சுத் திருப்பல்ல. அந்தப் பாவப்பட்ட பொம்பளைக்க காலு என் கணக்குல தான். அதை நான் யாருக்க தலையிலயும் கெட்டி வைக்க மாட்டேன். ஆனா நீ அழிச்ச பாரு, அதுக்கு உன்னெ ரெண்டு அடி அடிக்கணும்னு இருந்துது எனக்கு. எட்டுப் பேரு எழுதுகாளுவ, இவ டிவி பாத்தா, இவ படம் பாத்தான்னு. நான் படமா பாத்தேன்? சொல்லு. உனக்குத் தெரியும்லா. நீயும் அதுக்குக் கை கும்பிட்டு ஒரு படம் போட்ட."

ரெஜிலா அழுதாள். பிந்து அவளைத் தேற்றவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு கொடியருகே போனாள். துணிகளை ஒவ்வொன்றாக உதறி விரித்தாள். கடைசித் துணியையும் போட்டுவிட்டு, "தண்ணி வேணுமா?" என்று கேட்டாள்.

சனிக்கிழமை மதியம் அஞ்சலி வீட்டில் அம்மாமார் கூடினார்கள். புது வேன் பார்க்கிற பேச்சு. களியக்காவிளையிலிருந்து வரும் ஒரு டிரைவரின் எண்ணை ஒருத்தி கொண்டுவந்திருந்தாள். நல்ல ஆளாம், கேட்டால் உடனே பதில் போடுவாராம்.

"நான் ஒரு காரியம் சொல்லணும்," என்றாள் ரெஜிலா. "அண்ணைக்கு பிந்துக்கா பாத்தது எனக்க மெசேஜ். பிரீனா ஐடி கார்டு போட்டிருக்காளான்னு கேட்டேன். பாத்துச் சொல்லுங்கன்னு எழுதியிருந்தேன். அவங்க பாத்தாங்க. மத்தியானம் நான் அதை அழிச்சுப்போட்டேன்."

உள்ளே மிக்சி ஓடி நின்றது.

அஞ்சலிதான் முதலில் வாயைத் திறந்தாள். "அதுக்கு? நாம ஆயிரம் கேப்போம். அவ வண்டிய நிறுத்திட்டுப் பதில் சொல்லியிருக்கணும்."

"நிறுத்தினா லேட்டாவும். லேட்டானா எங்க நிக்கிறேன்னு யாரு கேப்பா? நாமதான. எல்லாரும் அவங்கவங்க ஃபோனை எடுத்துப் பாருங்க. காலைல எட்டுக்கும் எட்டே முக்காலுக்கும் இடையில பிந்துக்காக்கு என்னல்லாம் அனுப்பியிருக்கோம்னு. நான் பாத்தேன். செப்டம்பர் மாசம் நான் அனுப்பினது மட்டும் முப்பத்தொண்ணு. ஒண்ணுகூட அவசரம் இல்ல."

இரண்டு பேர் ஃபோனை எடுக்கவே இல்லை. அஞ்சலி எடுத்தாள். விரலால் மேலே தள்ளித் தள்ளி வெகு நேரம் பார்த்தாள். பிறகு ஃபோனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"எனக்க பிள்ளை ஓடுற வண்டில எங்கயிருக்குன்னு எனக்குத் தெரியணும் ரெஜிலா," என்றாள், குரல் இறங்கி. "அது தப்பா?"

ரெஜிலாவுக்கும் அது தெரியத்தான் வேண்டியிருந்தது.

கூட்டம் அவள் நினைத்தபடி முடியவில்லை. ஆறு பேர் களியக்காவிளை வேனுக்கே போனார்கள். ஆனால் பிந்துவைப் பற்றி எழுதியதை மூன்று பேர் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். எடுத்த இடங்களில் அந்தச் சாம்பல் வரிகள் மட்டும் மிஞ்சின.

திங்கட்கிழமை ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தாள். எஸ்.ஐ. அதை இரண்டு முறை வாசித்தார்.

"மெசேஜ் அனுப்பினதுக்கு செக்‌ஷன் ஒண்ணும் இல்லம்மா. வண்டி ஓட்டினவங்க மேலதான் கேஸ்."

"தெரியும் சார். ஆனா அவங்க என்னத்துக்குத் திரும்பினாங்கன்னு அதுல இருக்கட்டும்."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு அந்தத் தாளை ஃபைலில் கோத்துக்கொண்டார். பிந்துவின் லைசன்ஸ் மூன்று மாதத்துக்கு நிறுத்திவைக்கப்பட்டது. வழக்கு குழித்துறை கோர்ட்டில் போய்க்கொண்டிருக்கிறது.

ஒருவரிடம் சொல்வது மட்டும் பாக்கி இருந்தது. வேளாங்கண்ணி வீடு திரும்பியதைக் கேள்விப்பட்டு, நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இனயத்துக்குப் போனாள். கடலுக்கு முதுகு காட்டி நின்ற சின்ன கான்கிரீட் வீடு. வேளாங்கண்ணி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காலை இன்னொரு நாற்காலியில் நீட்டியிருந்தாள். இந்த முறை ரெஜிலா உட்காரும் முன்பே சொல்லிவிட்டாள்.

"பிள்ளைக்க கழுத்துல அது கிடந்துதா?" என்று கேட்டாள் வேளாங்கண்ணி.

"கிடந்துது. சட்டைக்கு உள்ள."

"சட்டைக்கு உள்ளயா," என்றாள் வேளாங்கண்ணி. இன்னொரு முறை, மெதுவாக, "சட்டைக்கு உள்ள."

லிஜா கதவருகே வந்தாள். முகம் சிவந்திருந்தது. "அக்கா, நீங்க இப்பப் போங்க. அம்மைக்கு மருந்து குடுக்கணும்."

ரெஜிலா எழுந்தாள். வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து வேளாங்கண்ணியின் குரல் வந்தது. "அந்த வண்டிக்காரப் பொண்ணு ரெண்டு வாட்டி வந்தா. அவ ஒண்ணும் சொல்லல்ல, உனக்க பேரு. நீயா வந்து சொன்னியா, சரி." மன்னித்தாளா என்று ரெஜிலாவுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. பிப்ரவரியில் வேளாங்கண்ணி தலைச்சுமையை விட்டுவிட்டு, குழித்துறைச் சந்தையில் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து விற்கத் தொடங்கினாள். ரெஜிலா போனால் மீனை நல்லதாகப் பார்த்து எடுத்துப் போடுவாள். கால் எப்படியிருக்கிறது என்று கேட்டால், "நடக்குகேன்" என்பாள். அதற்குமேல் பேச்சு வளராது.

லைசன்ஸ் கிடைத்ததும் பிந்து மூன்று பிள்ளைகளோடு திரும்ப ஓட்டினாள். அவர்களில் பிரீனாவும் ஒருத்தி. திரையை ஸ்டெனி கழற்றிவிட்டிருந்தான். அது இருந்த ஓட்டையை ஒரு பிளைவுட் துண்டு மூடியிருந்தது. ஃபோனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் வருவேன், அவசரமென்றால் பள்ளிக்கூட ஆபீசுக்குக் கூப்பிடுங்கள் என்று மூன்று வீட்டுக்கும் நேரில் வந்து சொன்னாள். ரெஜிலாவிடம் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆனால் பழையபடி உட்கார்ந்து பேசவில்லை.

முதல் நாள் காலை வேன் கண்ணில் மறைந்தபிறகு ரெஜிலா உள்ளே வந்தாள். எட்டரைக்கு, பாலம் தாண்டியிருப்பார்கள் என்று நினைத்தாள். ஒன்பதுக்கு லேபைத் திறந்தாள். பத்து மணிக்கு ஒரு கிழவரின் கையில் ரப்பரைக் கட்டி நரம்பைத் தேடும்போது, பிரீனா நல்லபடி இறங்கியிருப்பாளா என்று மனசு ஓடியது. கிழவர், "என்ன மக்களே, நரம்பு கிட்டல்லியா?" என்றார். அவள் கையை உதறி, மூச்சை விட்டு, ஊசியை ஏற்றினாள்.

சாயங்காலம் நாலே காலுக்கு வரவேண்டிய வேன் நாலு இருபத்தைந்துவரை வரவில்லை. ரெஜிலா கேட்டைப் பிடித்தபடி நின்றாள். செய்வதற்கு ஒன்றும் இல்லை. நிற்பது மட்டும்தான். நாலரைக்குத் தெரு வளைவில் அதன் சத்தம் கேட்டது. பிந்து மெதுவாகக் கொண்டுவந்து ஓரத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்தபிறகுதான் திரும்பிப் பார்த்து, "எறங்கு மக்களே," என்றாள்.